வெற்று எடை

வரும்போது வெற்று எடை.
திரும்பும்போது நிறை எடை.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நிலக்கரி.
இந்த ஒரு கழித்தலுக்குத்தான்
கோபிப் பாலையில் எனக்குச் சம்பளம், குளிர்ப்படி, ஒரு ஹீட்டர்.

ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து நிமிடம்.
எல்லையில் கதவடைத்தால் ராத்திரி முழுவதும்.
அப்போது படித்ததுதான் அந்த ஆங்கில நாவல்.
துளையிட வந்த ஆஸ்திரேலியர்கள்
காலிசெய்துபோன கன்டெய்னரில்
ஒற்றைக் கையுறையோடு கிடந்தது.
அட்டை இல்லை, பெயர் இல்லை,
முதல் பதினொரு பக்கங்களும் இல்லை.
உள்ளே எல்லோரும்
என்னை முன்பே தெரிந்தவர்கள்போல்
பாதியிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

அகராதி போனில் இருக்கிறது.
சிக்னல் குன்றின் மேல் இருக்கிறது.
மைனஸ் முப்பதில்
எந்தச் சொல்லுக்காகக் குன்றேறுவது?
வெறும் வண்டியாக வருகிறதா, வரட்டும்.
எண்ணைக் குறித்துக்கொண்டு அனுப்பிவிடுவேன்.
போன வண்டி
ஏதாவது ஏற்றிக்கொண்டு இந்த வழியாகத்தானே திரும்ப வேண்டும்.

ஹெட்ஜ்.
பத்தொன்பதாம் பக்கத்தில் வந்தது.
கிழவர் ஒருவர் சனிக்கிழமை தவறாமல்
பெரிய கத்தரிக்கோலோடு தோட்டத்துக்குப் போய்
ஹெட்ஜைக் கத்தரிக்கிறார்.
ஐந்நூறு உருப்படிக்கு ரோமம் கத்தரிக்கும்
வீட்டில் பிறந்தவள் நான்.
எனக்கா தெரியாது?
செம்மறி. ஏதோ இங்கிலாந்துச் சாதி.
வாரம் தவறாமலா என்பது மட்டும் உறுத்தியது.
மழை அதிகமுள்ள நாடு,
சீக்கிரம் வளர்ந்துவிடும் போலும்.

ஹெட்ஜுக்குப் பின்னால் ஒளிந்து
பையன் சிகரெட் பிடிக்கிறான்.
பெரிய ஆடு.
ஹெட்ஜுக்குள் குருவி கூடு கட்டியிருக்கிறது.
சாதுவான ஆடு.
உங்கள் ஹெட்ஜ் எங்கள் பக்கம்
ஓர் அடி வந்துவிட்டது என்று
அடுத்த வீட்டுக்காரி சண்டைக்கு வருகிறாள்.
ஆடென்றால் வரத்தான் செய்யும், ஓர் அடிக்கா இவ்வளவு?
எழுபத்தெட்டாம் பக்கம்:
மே மாதம் ஹெட்ஜ் பூத்தது.

எழுந்து நின்றுவிட்டேன்.
வெளியே தூமூர்பாத்தர் ஹாரனிலிருந்து கையெடுக்கவில்லை.
மேடையில் தொண்ணூற்றாறு டன்.
எனக்குள் ஒரு செம்மறி
நான்கு காலையும் மண்ணில் இறக்கி
இலைவிட்டுக்கொண்டிருந்தது.

பிறகு சரியாகவே படித்தேன். செடி, வேலி.
புல்லே பஞ்சமான ஊரில்
செடியை வெட்டி வெட்டி வேலியாக்குகிற மனிதரை
ஆட்டை வைத்துத்தான் நான் பழகியிருந்தேன்.
ஆடு போன பிறகும் அவர் மிச்சமிருந்தார்.
கொலோனெல்.
அப்படித்தான் அவரைக் கூப்பிட்டேன்,
எழுத்துக்கு எழுத்து, ஒன்றையும் விழுங்காமல்.

மார்ச்சில் பாதுகாப்புச் சோதனைக்கு வந்த ஹீத்
மேசைமேல் புத்தகத்தைப் பார்த்தார், புரட்டினார், சிரித்தார்.
கர்னல் செத்தாச்சா, இன்னும் இல்லையா? என்றார்.
கர்னல் என்று இதில் யாரும் இல்லை என்றேன்.
ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு
தீயணைப்பானை எண்ணப் போனார்.

அந்தக் கர்னலை எனக்குத் தெரியாததால்
என் கொலோனெல்
இன்னும் எட்டு நாள் கூடுதலாக உயிரோடிருந்தார்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்,
வெள்ளிக்கிழமை, தூக்கத்தில்.
ராணுவத்துக்காரர்கள் வந்து
பட்டத்தோடு உரக்கப் பெயர் வாசித்தபோதுதான்
ஹீத்தின் வாயில் கேட்ட சத்தமும்
என் கண்ணில் இருந்த எழுத்தும்
ஒரே பெட்டியில் படுத்திருப்பதைக் கண்டேன்.
அடுத்த நாள் சனி.
கத்தரிக்கோல் கொக்கியிலேயே தொங்கியது.

சீட்டு வாங்க ஜன்னலுக்கு வந்த தூமூர்பாத்தர்
என்ன, கண் சிவந்திருக்கிறது, நர்மந்தாக்? என்றான்.
கரித்தூள் என்று சொல்லியிருக்கலாம்.
ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்க ஆளில்லை என்றேன்.
அவன் யோசித்தான்.
வெயில் வருவதற்குள் யாரையாவது பார்க்க வேண்டும் என்றான்,
வண்டியேறி.